இல்லாத பிரேக்கை மிதிப்பவர்

பாலைவன டிரக் பந்தயத்தில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் துணை ஓட்டுநர் என்கிற ஜீவராசியைப் பற்றி இன்று உங்களிடம் பேசப்போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. பேசும். அவ்வளவுதான்.

இந்த இனம் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஆனால் மற்ற ஊர்களில் அது சாதாரணக் கார்களில், சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். எங்கள் கடலோரப் பாலைவன ஊரான சான் பெலிப்பேயில்தான் அதற்குச் சீருடை உண்டு, தலைக்கவசம் உண்டு, தோளிலும் இடுப்பிலும் தொடைக்கு நடுவிலும் இறுக்கிக் கட்டும் ஐந்து பட்டை பெல்ட் உண்டு, வலது கதவில் கொட்டை எழுத்தில் அதன் பெயரும் உண்டு. அதன் முழு வளர்ச்சியைப் பார்க்க ஆசையிருந்தால், வசந்த காலத்தில் பந்தய வாரத்தில் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். தேட வேண்டாம். உங்களை அதுவே கண்டுபிடித்து, போன வருடம் எந்தத் திருப்பத்தில் தன் பேச்சைக் கேட்காததால் என்ன ஆனது என்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

அடையாளங்கள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி யாரையாவது முந்தினால் "நாங்க முந்தினோம்" என்று சொல்லும். வண்டி பாறையில் இடித்தால் "அவன் இடிச்சுட்டான்" என்று சொல்லும். நடந்த எல்லாவற்றுக்கும் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும். நடக்காமல் போனவற்றுக்கு "நான் சொன்னதாலதான் நடக்கல" என்று சொல்லும். இப்படி இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்ட ஒருவரிடம் நீங்கள் என்ன வாதம் செய்வீர்கள்?

இன்னொரு அடையாளம், கால். எவரிஸ்தோவின் வலது காலைப் பாருங்கள். (எவரிஸ்தோதான் நான் காட்டப்போகும் மாதிரி. அறுபது வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.) வண்டி வளைவை நெருங்கும்போதெல்லாம் அந்தக் கால் நீண்டு, அங்கே இல்லாத ஒரு பிரேக்கை ஓங்கி மிதிக்கும். ஒன்பது வருடமாக மிதித்து மிதித்து அந்த இடத்தில் அலுமினியத் தகடு இரண்டு முறை ஓட்டையாகி, இரண்டு முறையும் மாற்றியாயிற்று. நிஜ பிரேக்கின் ரப்பரோ இன்னும் கடையில் வாங்கினபடியே புதிதாக இருக்கிறது. ஏனென்றால் அது இருப்பது பிதென்சியோவின் காலடியில். அவனுக்கு அந்த பிரேக் எதற்கு என்று இன்றுவரை சரியாகத் தெரியாது.

பிதென்சியோ எங்கள் ஊர் இறால் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவன். பந்தய வண்டியை அவனே தன் கையால் கட்டியவன். எவரிஸ்தோவின் தங்கை சாயோவைக் கட்டியவனும் அவன்தான். ஆக, இடது இருக்கையில் மாப்பிள்ளை, வலது இருக்கையில் மச்சான். நடுவில் எஞ்சின் சத்தம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினாலும் காதில் விழாது. அதனால் இரண்டு பேரின் தலைக்கவசத்திலிருந்தும் ஒரு ஒயர் போய் பேச்சுப் பெட்டியில் சொருகியிருக்கும். அதன் வழியாகத்தான் மச்சானின் ஞானம் மாப்பிள்ளையின் காதுக்குள் பாயும்.

எவ்வளவு பாயும்? பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு எல்லா அணிகளும் பாதையில் மெதுவாகப் போய்ப் பார்த்து, ஆபத்தான இடங்களில் வண்டியின் வழிகாட்டித் திரையில் ஒரு மண்டையோட்டுக் குறி போட்டு வைத்துக்கொள்வது வழக்கம். மற்ற அணிகள் நாற்பது, ஐம்பது குறி போடும். எவரிஸ்தோ நானூற்று முப்பது கிலோமீட்டரில் அறுநூற்றுப் பதினொரு மண்டையோடு போட்டிருந்தார். நேரான, சமமான, குழந்தை தவழ்ந்து போகக்கூடிய ஒரு இடத்தில் ஏன் ஒரு குறி இருக்கிறது என்று கேட்டேன்.

"அங்க ஒரு நாய் இருக்கு. என்னைப் பாத்து மொறைச்சுது" என்றார்.

அவருக்கு நியாயம் செய்தாக வேண்டும். துணை ஓட்டுநருக்கு உண்மையான வேலையும் உண்டு. டயர் வெடித்தால் குதித்து இறங்கி மாற்ற வேண்டும், எஞ்சின் சூட்டைக் கவனிக்க வேண்டும், பின்னால் பெரிய அணியின் வண்டி புழுதியோடு வந்தால் கண்ணாடியில் பார்த்து வழிவிடச் சொல்ல வேண்டும், மண்ணில் புதைந்தால் தோண்ட வேண்டும். இது அத்தனையும் எவரிஸ்தோ நன்றாகச் செய்வார். நாலே நிமிடத்தில் டயர் மாற்றுவார். அதுதானே சங்கடம்! உபயோகமில்லாத ஆளாக இருந்தால் முதல் வருடமே இறக்கிவிட்டிருக்கலாம்.

ஒன்பது வருடம் கலந்துகொண்டு, ஒன்பது வருடமும் அவர்கள் கடைசிக் கோட்டைத் தொட்டதில்லை. அச்சு முறிந்த வருடங்கள், எஞ்சின் வெந்த வருடம், எல்லாம் உண்டு. ஆனால் ஊர் மறக்காமல் வைத்திருப்பது ஏழாவது வருடத்தை. அந்த வருடம் கடைசி அறுபது கிலோமீட்டரில், ஒரு பழைய காற்றாடிப் பம்பு அருகே வலதுபக்கம் திரும்புவதற்குப் பதில் இடதுபக்கம் திரும்பி, முப்பத்தொரு கிலோமீட்டர் முழு வேகத்தில் போய், ஒரு ஆட்டுப் பண்ணையின் பட்டிக்குள் நுழைந்து நின்றார்கள். "நான் வலதுன்னு சொன்னேன், மாப்ள கேக்கல" என்றார் எவரிஸ்தோ. பிதென்சியோ ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூன்று வருடமாக, அவன் ரொட்டிக் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், கூட்டத்தில் யாராவது ஒருவர் "மே..." என்று மெல்லக் கத்துவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டு வாசலில் யாரோ ஒரு கட்டு வைக்கோல்கூட வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயோவுக்குப் பொறுமை தீர்ந்தது இந்த வருடம். பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இறால் பொரியல் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அண்ணே, கேட்டுக்கோ. இந்த வருஷம் பத்து மணி நேரக் கெடுக்குள்ள வண்டி கோட்டைத் தாண்டலன்னா, அடுத்த வருஷம் அந்த சீட்டு என்னோடது."

எவரிஸ்தோவின் கையிலிருந்த இறால் பாதி வழியில் நின்றது. "நீயா? ஒனக்கு என்ன தெரியும் வழி சொல்ல?"

"வாயை மூடத் தெரியும். அது போதும்."

நான் அப்போது எவரிஸ்தோவின் முகத்தைப் பார்த்தேன், வாசகர்களே. பார்த்திருக்கக் கூடாது. காதலி வேறொருவனுக்கு மாலை போடுவதைச் சர்ச் வாசலில் நின்று பார்க்கும் ஆணின் முகம் அது.

இனி பந்தய நாள். காலை ஏழு நாற்பதுக்கு வண்டி கிளம்பியது. மாலை ஐந்து நாற்பதுக்குள் திரும்ப வேண்டும்.

உதவி வண்டியில் சாயோ ஓட்ட, நான் பக்கத்தில். அவள் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் அவளுக்கு நான் 'கும்பாதிரி'. பின்னால் இரண்டு டயர், பெட்ரோல், தண்ணீர், உலர்ந்த மாட்டிறைச்சியை ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிய புரீத்தோ ஒரு கூடை, ஒரு பெரிய பிளாஸ்க்கில் காப்பி. நடுவில் ரேடியோ. எங்களைப் போன்ற சின்ன அணிகள் முப்பது சேர்ந்து அந்த ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் பெட்ரோல் போடுமிடம். மணி பதினொன்றாகப் பத்து நிமிடம். சரியான நேரத்துக்கு வண்டி புழுதியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. என்ன ஆச்சரியம்! ஒன்பது வருடத்தில் இவ்வளவு வேகமாக அவர்கள் இங்கே வந்ததில்லை. எவரிஸ்தோ தலைக்கவசத்தின் கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "பாத்தியா சாயோ! இன்னிக்கு நான் சொல்றதை எல்லாம் கேக்கறான்! ஒரு வார்த்தை எதுத்துப் பேசல!" என்றார்.

சாயோ இடது ஜன்னல் வழியாகத் தலையை விட்டுக் கணவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அங்கேயே ஒரு கணம் நின்றாள். பிறகு அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு வெடிக்கக் காத்திருந்தது. பிதென்சியோவின் தலைக்கவச ஒயர் பேச்சுப் பெட்டியில் இல்லை. அவன் மடியில் செல்லப் பூனையின் வால் மாதிரி சுருண்டு கிடந்தது. அவன் உதட்டில் ஒரு விரலை வைத்து, கண்ணடித்தான்.

இதற்குள் நான் வலது பக்கம் எவரிஸ்தோவுக்கு உதவிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் எங்களோடு பேசுவதற்கான பொத்தான் ஒரு சுருள் ஒயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஆடினால் தொலைந்து போகாதா? அதை இடுப்புப் பட்டைக்கு அடியில் பத்திரமாகச் சொருகி, பட்டையை நன்றாக இறுக்கிவிட்டேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் கண்ணெதிரே ஒரு தவறு நடக்கும்போது சும்மா நிற்க என்னால் முடியாது.

வண்டி கிளம்பியது. நாங்கள் நெடுஞ்சாலையில் ஏறினோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ரேடியோவில் எவரிஸ்தோ.

"எடது... எடது... ஆங், அப்படித்தான். இப்ப நேரா. பள்ளம் பள்ளம் பள்ளம்! சபாஷ்டா மாப்ளே!"

பட்டைக்கு அடியில் பொத்தான் அமுங்கிக்கொண்டது. அது அமுங்கியிருக்கும்வரை அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். வேறு யாரும் பேச முடியாது. இப்போது நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முப்பது அணிகளின் உதவி வண்டிகள், மலை மேல் ரேடியோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், வழியோரத்தில் கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எல்லோரும் எவரிஸ்தோ வழி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்காதவன் ஒரே ஒருவன். அவன்தான் ஓட்டுகிறான்!

சாயோ சிரித்த சிரிப்பில் எங்கள் வண்டி இரண்டு தடவை சாலையின் நடுக்கோட்டைத் தாண்டியது.

"பாத்து, பாத்து! எதுக்க லாரி வருது" என்றேன்.

"அது அரை மைல் தள்ளி வருது கும்பாதிரி."

"கியரைக் கொறைச்சுக்கம்மா, மேடு வருது."

"ஸ்டீயரிங் ஒங்க கைல இருக்கா, என் கைல இருக்கா?"

நல்லதைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது?

மதியம் இரண்டு மணிவாக்கில் அவர்கள் வறண்ட ஏரிக்குள் நுழைந்திருக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் கண்ணாடி போன்ற தரை. வழி சொல்ல ஒன்றுமே இல்லை. எவரிஸ்தோவின் குரலில் அவசரம் குறைந்து, ஒரு நெகிழ்ச்சி வந்தது.

"மாப்ளே... ஒண்ணு சொல்லவா? இப்படிப் பேசாம கேட்டுக்கிட்டு வர்ற ஆளு எனக்கு வாழ்க்கைல கெடைச்சதே இல்லடா. ஐஸ் கம்பெனில முப்பத்து நாலு வருஷமா நிக்கறேன். வர்றவன் எல்லாம் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்வி. பெரிய பாளம் இருக்கா, சின்ன பாளம் இருக்கா? அதுக்கு மேல என்கிட்ட எவனும் எதுவும் கேட்டதில்ல. வருஷத்துல இந்த ஒரு நாளுதான்... நான் வலதுன்னா ஒரு வண்டி வலது பக்கம் போகுது. நெனைச்சுப் பாரு. ஒரு முழு வண்டி!"

சாயோ சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"சாயோ கேக்கறா சீட்டை. குடுக்கணும்தான். நியாயமாப் பாத்தா நான் மூணு வருஷம் முன்னாடியே எறங்கியிருக்கணும்." எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்த ஆட்டுப் பண்ணை... மாப்ளே, நான் வலதுன்னு சொல்லல. எடதுன்னுதான் சொன்னேன். அப்ப புரீத்தோ சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மிளகாய்ச் சாஸ் ஒழுகி தெரைல பாதைமேல விழுந்துடுச்சு. சாஸ் போன பக்கம் பாதைன்னு நெனைச்சுட்டேன். நீ நான் சொன்னபடியேதான் திருப்பின. ஊரு ஒன்னைப் பாத்து மே மேங்குது, நான் பக்கத்துல நின்னு கூடச் சிரிக்கறேன். ராத்திரி படுத்தா அந்த ஆட்டுச் சத்தம் எனக்குத்தான் கேக்குது. மன்னிச்சுடுறா. நீ ஒண்ணும் சொல்லாம ஓட்டற பாரு... அந்த மனசு யாருக்கும் வராது."

அந்த மனசுக்காரன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? அனேகமாக ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் நீர். புழுதிதான் காரணம். ஜன்னல் மூடியிருந்தது, இருந்தாலும் புழுதிதான். சாயோ இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மடையன். பெரிய மடையன்" என்று மெல்லச் சொன்னாள். அண்ணனையா, கணவனையா, தெரியவில்லை.

விதி என்று ஒன்று உண்டல்லவா? அது முந்நூற்று எண்பத்தோராவது கிலோமீட்டரில் காத்திருந்தது. அங்கே மாவு மண். முகத்துக்குப் பூசும் பவுடரைவிட மெல்லியது, இடுப்பளவு ஆழம், மேலே பார்த்தால் சாதாரணத் தரை. நாங்கள் அதற்கு மூன்று கிலோமீட்டர் இந்தப்பக்கம், சாலையோரத்தில் டயரோடு காத்திருந்தோம். மணி மூன்று ஐம்பது. ரேடியோவில் எவரிஸ்தோவின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"வலது, மாப்ளே! முன்னாடி போன வண்டி உள்ள கெடக்கு, வலது! வலதுடா! வலது, வலது, வலதுன்னேன்..!"

தொப்பென்று ஒரு சத்தம். எஞ்சின் இருமி, அடங்கியது. தூரத்தில் வெள்ளைப் புழுதி ஒரு மரம்போல எழுந்து நின்றது.

இப்போது எஞ்சின் இல்லாததால் அந்த வண்டிக்குள் எல்லாமே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏன்டா மாப்ளே, வலதுன்னு தொண்டை கிழியக் கத்தறேன்... என்ன பேச மாட்டேங்கற? மாப்ளே?... இந்த ஒயரு ஏன் ஒன் மடியில கெடக்கு?"

ஒயரை இழுத்துப் பார்க்கும் சரசரப்பு.

"கழண்டுடுச்சா?"

தூரத்திலிருந்து வருவதுபோல் பிதென்சியோவின் குரல்: "இல்ல மச்சான். கழட்டினேன்."

"எப்பலேர்ந்து?"

"...பத்து மணிலேர்ந்து."

அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. எவரிஸ்தோ என்னும் மனிதர் பேசாமல் இருந்ததை நான் முதல்முறையாகக் கேட்டேன். நம்புங்கள், அது அவர் பேசுவதைவிடப் பயங்கரமாக இருந்தது. பிறகு பெல்ட் கொக்கி 'டக்' என்று கழலும் ஓசை. பொத்தான் விடுபட்டது. அலைவரிசை திறந்தது. அவ்வளவுதான், முப்பது அணியும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

"என்னாச்சு? எறங்கிட்டாரா?"

"அடிச்சுட்டாரா?"

"யோவ், யாராவது பக்கத்துல இருந்தா சொல்லுங்கய்யா! எங்க வீட்டுக்காரி இங்க அழுதுக்கிட்டு இருக்கா!"

"அண்ணே," என்றாள் சாயோ, ரேடியோவை வாய்க்குப் பக்கத்தில் வைத்து. "அண்ணே, கேக்குதா?"

இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டாள். நாங்கள் உள்ளே போக முடியாது. எங்கள் வண்டியும் புதையும். சாயோ கடிகாரத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. இன்னும் நாற்பத்தொன்பது கிலோமீட்டர் பாக்கி. காப்பியை ஊற்றினேன், குடிக்கவில்லை. அவர் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டிருந்தால் யார் அவரைக் குறை சொல்ல முடியும்? எந்த இருக்கைக்காகப் போராட வேண்டும், தன் பேச்சு யாருக்கும் கேட்காத இருக்கைக்காகவா?

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ரேடியோ கரகரத்தது.

"சாயோ. வெளிய வந்துட்டோம்."

அவ்வளவுதான்.

நடந்ததைப் பிதென்சியோ பிற்பாடு சொன்னான். எவரிஸ்தோ ஒன்றும் பேசாமல் இறங்கியிருக்கிறார். மண்வெட்டியை எடுத்து நாலு சக்கரத்தையும் தோண்டி, கீழே பலகை போட்டிருக்கிறார். பிறகு வண்டிக்கு முன்னால், தொடையளவு மாவில், கையால் துழாவிக்கொண்டே நடந்து, கெட்டித் தரை இருக்கும் இடத்தைக் காலால் தேடி, திரும்பி நின்று கையைக் காட்டியிருக்கிறார். அந்தக் கையைப் பார்த்து இவன் ஓட்டியிருக்கிறான். கடைசியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் மடியில் கிடந்த ஒயரை எடுத்து, தூசியை ஊதி, தானே பெட்டியில் சொருகியிருக்கிறார்.

"அப்பறம் நாப்பத்தொம்பது கிலோமீட்டர்ல மொத்தம் இருவது வார்த்தை பேசியிருப்பாரு" என்றான் பிதென்சியோ. "வலது. எடது. மெதுவா. போ. எனக்கு பயமே வந்துடுச்சு, மனுசனுக்கு ஒடம்பு சரியில்லையோன்னு. ஆனா ஒண்ணு, அந்த இருவதும் சரியா இருந்துச்சு."

ஐந்து முப்பத்து நாலுக்கு வண்டி கடற்கரைச் சாலையில் கடைசிக் கோட்டின் மேல் நின்ற அலங்கார வளைவுக்குள் நுழைந்தது. வெள்ளைப் பேய் மாதிரி, முன் விளக்கு ஒன்று இல்லாமல், பக்கத் தகடு தொங்கிக்கொண்டு. ஆறு நிமிடம் மிச்சம்! பத்தாவது வருடத்தில் முதல் முறையாக! சாயோ கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடி, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொன்னேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது. முதலில் ஒரு பக்கத்திலிருந்து, பிறகு சாலையின் இரண்டு பக்கமும், பிறகு மீன் கடைகளின் மாடியிலிருந்தும்.

"மே... மே... மே..!"

பிதென்சியோவின் முகம் வாடியது. இன்றைக்குமா? ஆனால் யாரும் அவனைப் பார்த்துக் கத்தவில்லை. எல்லாரும் வலது கதவைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். முன்பின் தெரியாத அணிக்காரர்கள் எவரிஸ்தோவை வெளியே இழுத்துக் கட்டிப்பிடித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பருத்த அம்மாள் அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "பெரிய பாளம்தான் ஐயா நீங்க, பெரிய பாளம்!" என்று விசும்பினாள்.

எவரிஸ்தோ முதலில் இதெல்லாம் தன் வழிகாட்டும் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு அந்தப் 'பாளம்' அவருக்கு உறைத்தது. திரும்பி, இருக்கையில் கிடந்த இடுப்புப் பட்டையைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"எல்லாருக்கும் கேட்டுதா?" என்றார் தங்கையிடம்.

"எல்லாருக்கும் கேட்டுது. இவரைத் தவிர" என்று கணவனைக் காட்டினாள் சாயோ.

"என்ன கேட்டுது?" என்றான் பிதென்சியோ.

எவரிஸ்தோ தலைக்கவசத்தைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சர்ச்சில் நிற்பதுபோல. அவருடைய குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அந்த ஆட்டுப் பண்ணை, மாப்ளே. எடதுன்னு சொன்னது நான்தான். தெரைல..."

"சாஸு" என்றான் பிதென்சியோ.

"ஒனக்கு..?"

"தெரையைத் தொடைச்சது யாருன்னு நெனைக்கற? அன்னிக்கே தெரியும்."

"அப்ப மூணு வருஷமா ஏன்டா சொல்லல?"

பிதென்சியோ முகத்திலிருந்த மண்ணை வழித்துத் தரையில் உதறினான். "சொன்னா நீ அந்த சீட்டுல ஒக்கார மாட்ட. ஒக்காரலன்னா ஞாயித்துக்கிழமை என் வீட்டு மேசைல எதைப் பத்திப் பேசுவ? ஐஸைப் பத்தியா?" என்றவன், கொஞ்சம் யோசித்து, "அதோட, நாலு நிமிஷத்துல டயர் மாத்த வேற யாரு இருக்கா?" என்றான்.

நான் அழுதேன். இந்த முறை புழுதி மேல் பழி போட மாட்டேன். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பாதி மே மே என்று கத்தினார்கள், அழுதுகொண்டே கத்தியவர்களும் உண்டு.

சாயோ மட்டும் அழவில்லை. வண்டியின் இடது பக்கம் போய், ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, அந்த ஒயரை எடுத்துப் பார்த்தாள்.

"பந்தயம் முடிச்சுட்டீங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். வலது சீட்டு அண்ணனுக்கு" என்றாள். "இந்த ஒயரை நானே பசை போட்டு ஒட்டிடறேன், இனிமே யாரும் புடுங்காத மாதிரி. ஆனா அடுத்த வருஷம் எனக்கு இந்தப் பக்கத்து சீட்டு வேணும்." இடது இருக்கையைத் தட்டினாள்.

"நீ ஓட்டவா?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"ஏன்? நாள் முழுக்க இந்தக் கும்பாதிரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன். மோதல, பொதையல, ஒயரையும் புடுங்கல. இதை விடப் பெரிய தகுதி யாருக்கு இருக்கு?"

கூட்டம் கைதட்டியது. அவள் ஏன் என்னை உதாரணத்துக்கு இழுத்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பத்து நிமிடத்தில் எவரிஸ்தோ பழைய எவரிஸ்தோ ஆகிவிட்டார். பியர் பாட்டிலோடு நடுவில் நின்றுகொண்டு, "மாவு மண்ணுல நாங்க எப்படி வெளிய வந்தோம் தெரியுமா? அவன் உள்ள விட்டுட்டான், நான்தான்..." என்று ஆரம்பித்திருந்தார். உள்ளே விட்டது அவன், வெளியே வந்தது 'நாங்க'. எனக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது சாயோ உதவி வண்டியை ஓட்டினாள். களைத்துப்போயிருந்ததால் முன்னால் வலது இருக்கையைப் பிதென்சியோவுக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னால் டயர்களோடு உட்கார்ந்துகொண்டேன். பாலைவனத்தில் பிரேக் என்ற ஒன்றையே மதிக்காத அந்த மகாவீரன், ஊருக்குள் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகும் வண்டியில், முதல் முச்சந்தி வந்ததும் என்ன செய்தான் தெரியுமா? வலது காலை நீட்டி, தரையை ஓங்கி மிதித்தான்.

"மெதுவா, சாயோ. எடதுல சைக்கிள்" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது பிறவிக் குணம் இல்லை. இருக்கையிலிருந்து தொற்றுகிற நோய். ஸ்டீயரிங் கையில் இருக்கும்வரை நாம் மனிதர்கள். ஒரு அடி தள்ளி உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் எவரிஸ்தோக்கள்தான்.

எல்லோரும் என்றால், நான் மட்டும் விதிவிலக்கு. நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? நல்லது. உங்களைச் சந்தேகிக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை நேரம் இந்தக் கதையை ஓட்டிக்கொண்டு வந்தது நான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். வழியில் எங்கேயாவது, "இங்கே கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாம்" என்றோ, "அந்த ஒயர் விஷயம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு அப்பவே தெரியும்" என்றோ மனதுக்குள் சொல்லிக்கொண்டீர்களா?

ஆம் என்றால், தயவுசெய்து கீழே குனிந்து பாருங்கள். உங்கள் கால் எதை மிதித்துக்கொண்டிருக்கிறது?